குடவோலையும் ஜீனோவும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கல்வெட்டுச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஊரில் தேர்தல் நடந்திருக்கிறது என்று பெருமையாகப் பேசிக்கொண்டே வண்டியேறுகிறார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சுவரில் எழுதியிருப்பதன் அருமையை எனக்குப் புரியவைத்ததில் சரித்திரப் புத்தகங்களைவிட அறிவியல் கதைகளுக்குப் பங்கு அதிகம்.

நான் ஆராய்ச்சிக்காகப் படிக்கிறவன் இல்லை. நூலகத்தில் கைக்குக் கிடைப்பதை எடுத்துவந்து, வேலை ஓய்ந்த நேரத்தில் படிக்கிறவன். கல்கி, சாண்டில்யன், ராஜம் கிருஷ்ணன், சுஜாதா என்று வரிசை இல்லாமல் படித்ததுதான் என் படிப்பு. அப்படித்தான் ஐசக் அசிமோவ் 1955இல் எழுதிய ஒரு சிறுகதையும் கண்ணில் பட்டது. ‘ஃப்ராஞ்சைஸ்’ என்று பெயர். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நடக்கிற தேர்தல்தான் கதை. கோடிக்கணக்கானவர்கள் வாக்களிக்கிற வழக்கம் அங்கே ஒழிந்துபோயிருக்கும். மல்டிவாக் என்ற மாபெரும் கணினி நாடு முழுவதிலிருந்தும் ஒரே ஓர் ஆளைப் பொறுக்கி எடுக்கும். அந்த வருஷம் மாட்டுகிறவர் இண்டியானா மாநிலத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கும் நார்மன் முல்லர். அவரும் வாக்குப் போடுவதில்லை. முட்டை விலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். யார் ஜெயித்தார்கள் என்பதை மிச்சக் கணக்கைப் போட்டு இயந்திரமே முடிவு செய்துவிடும்.

படித்து முடித்ததும் எனக்கு எங்கள் ஊர்ச் சுவர்தான் ஞாபகம் வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஊர் வாரியங்களுக்கு யார் வருவார் என்பது ஓலையைப் பொறுத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அசிமோவின் கணினியும் இதைத்தான் செய்கிறது. ஆனால் கல்வெட்டை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இளையவர் முதல் முதியவர் வரை சபையார் அத்தனை பேரும் கூடியிருக்க வேண்டும். கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை அகல வைத்து வாங்க வேண்டும். வாங்கியதை உரக்க வாசிக்க வேண்டும். அங்கே இருக்கும் நம்பிமாரும் அதையே வாசிக்க வேண்டும்.

அந்த விரித்த ஐந்து விரல்தான் என்னை அசத்துகிறது. கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்துவிடுவானோ என்ற சந்தேகத்தை முன்கூட்டியே யோசித்து, அதற்கு வழியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மல்டிவாக்கின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தக் கதையில் வரும் யாருக்கும் தெரியாது. அது சொல்வதை நம்ப வேண்டியதுதான். பழைய முறை, புதிய முறை என்பது இங்கே எனக்குப் பெரிதாகப் படவில்லை. முடிவு நம் கண்ணெதிரே எடுக்கப்படுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஓர் அமெரிக்கக் கற்பனைக் கதை.

சுஜாதாவிடம் வருகிறேன். தமிழில் அறிவியல் கதை என்றால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வோம். அவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் என்பது பலருக்கும் தெரியும். 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அந்த இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. அதே பத்தாண்டில்தான் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தது. தேர்தலுக்கு இயந்திரம் செய்த மனிதர், தேர்தலே இல்லாத ஒரு தேசத்தைக் கதையாக எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

அந்த நாவலில் ஜீவா என்ற ஒருவர் நாட்டை ஆள்கிறார். யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான், அவள் தேடிப் புறப்படுகிறாள். கூட வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். படித்துப் படித்தே தானாகச் சிந்திக்கக் கற்றுக்கொள்ளும் நாய் அது. ஜீவா யார் என்பதை இங்கே சொல்லமாட்டேன். படிக்காதவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் இந்த நாவலை என்னிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டு, “இதுல வர்ற வருஷம் எல்லாம் தாண்டிப் போச்சே மாமா, ஒண்ணும் நடக்கலையே?” என்று கேட்டான். கதை நடக்கிற 2020களில்தான் நாம் இருக்கிறோம், உண்மைதான். ஜீனோவைப் போல ஒரு நாய் நம் தெருவில் ஓடவில்லை. ஆனால் அறிவியல் கதையை ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். தலைவரை நேரில் பார்க்காமலே, திரையில் தெரிகிற முகத்தை மட்டும் நம்பி ஒரு கூட்டம் உருகினால் என்ன ஆகும் என்று சுஜாதா கேட்டார். கைபேசியை வைத்துக்கொண்டிருக்கும் எந்தப் பையனும் அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்தாக வேண்டும். அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த நாவலின் இரண்டாம் பாகமான ‘மீண்டும் ஜீனோ’ முதல் பாகத்தின் வேகத்தில் இல்லை. வாரத் தொடருக்காக எழுதிய அவசரம் சில அத்தியாயங்களில் தெரிகிறது. இன்னொன்று, எதிர்காலம் என்றால் நகரம்தான் என்பது அவர் கதைகளில் பெரும்பாலும் எழுதாத விதி. வயலும் ஏரியும் அந்த எதிர்காலத்தில் என்ன ஆயின என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு நம் சித்த மருத்துவத்தைப் போன்ற மரபுகளை எடுத்துக்கொண்டு அறிவியல் கதை செய்தது. அந்தப் பாதையில் இன்னும் நிறையப் பேர் நடந்திருக்க வேண்டும்.

கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயமும் அதிலேயே இருக்கிறது. உத்திரமேரூர் அன்று பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். குடவோலையில் பெயர் எழுத வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். நிலத்தை உழுதவனின் பெயரை அந்தக் குடத்தில் போட வழியே கிடையாது. பெண்ணின் பெயருக்கும் அதே கதிதான்.

இதற்கு எதிர்முனையில் நிற்கிற கதை 1905இல் நம் சென்னையில் அச்சானது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இண்டியன் லேடீஸ் மேகஸின்’ என்ற சென்னைப் பத்திரிகையில்தான் முதலில் வந்தது. அந்தக் கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் ஆட்சி நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், ஆகாய வாகனத்தில் போகிறார்கள், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீரை இறக்கிக்கொள்கிறார்கள். மழையை நம்பி நாற்று விடுகிற ஊர்க்காரனுக்கு அந்தக் கடைசிக் கற்பனை எப்படி இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆனாலும் பல ஊர்களில் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துக்கு மட்டும் மனைவியைக் கூப்பிடுகிறார். ரொக்கையாவின் கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

சரித்திர நாவல்கள் எனக்குப் பிடிக்காமல் இல்லை. ‘சிவகாமியின் சபதம்’ படித்துவிட்டுக் காஞ்சிபுரம் தெருக்களில் நடந்தால் வேறு கண் வந்துவிடும். ஆனால் நாம் அரசர்களோடு நின்றுவிடுகிறோம். எங்கள் கல்வெட்டில் அரசன் பெயர் ஆண்டைக் குறிக்க வருகிறது. விஷயம் முழுக்க வாரியங்களைப் பற்றியது. ஏரி வாரியத்துக்கு 6 பேர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்களுக்கும் மறுபடி அந்தப் பக்கம் இடமில்லை. பல்லவர் காலத்து வயிரமேக தடாகம் பிற்காலத்திலும் ஊருக்குத் தண்ணீர் தந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் இருந்தன. கணக்குக் காட்டாதவன் சொந்தக்காரனும் நிற்க முடியாத ஒரு 2125ஆம் ஆண்டை யாராவது எழுதிப் பார்த்தால் என்ன? மதகுக்கு மதகு நீர்மட்டத்தை அளக்கிற கருவி இருந்து, அது சொல்கிற கணக்கை யாரோ ரகசியமாகத் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடிப்பது ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணாக இருக்கட்டும். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மதுராந்தகம், வாலாஜாபாத், சாலவாக்கம் பக்கம் எழுதுகிற கை உள்ள பிள்ளைகளே, அந்த நாவலை நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒருமுறை கோயிலுக்குப் போய்ச் சுவரைப் பொறுமையாகப் பாருங்கள், அப்படியே நூலகத்தில் ‘என் இனிய இயந்திரா’வையும் எடுத்துப் படித்துவிடுங்கள்.