நள்ளிரவு வர்த்தமானியும் நாடாளுமன்றமும்

அரசாங்கத்தை அசைக்க நாடாளுமன்றத்திடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்பிக்கையில்லாப் பிரேரணையைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் உண்மையான பிடி பணத்தில்தான் இருக்கிறது. சபை சம்மதிக்காத வரியை மன்னர் அறவிடக்கூடாது, சபை ஒதுக்காத பணத்தைச் செலவிடக்கூடாது என்று இங்கிலாந்தில் நெடும் போராட்டத்தின் பின் நிலைபெற்ற உரிமை இது. ஆங்கிலேயர் அதைப் ‘பணப்பையின் அதிகாரம்’ என்பார்கள். இலங்கைக்கும் அந்தப் போராட்டம் புதிதல்ல. 1864இல் இராணுவச் செலவு தொடர்பான தகராறில் சட்டநிரூபண சபையின் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர்கள் 6 பேர் பதவி துறந்தார்கள். பெரும்பான்மை உத்தியோகத்தர் பக்கம் இருந்ததால் வெளியேறுவதைத் தவிர அவர்களுக்கு வழியிருக்கவில்லை. இன்றைய அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரையோ பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் நாடாளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்கிறது. 2018 நவம்பர் 29ஆம் திகதி, பெரும்பான்மையில்லாமல் நியமிக்கப்பட்ட பிரதமரின் அலுவலகச் செலவுக்கான பணத்தை நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக ஒரு வாக்கும் இல்லை. அவரை வெளியேற்றியது நீதிமன்றங்கள்தானே என்று சிலர் கேட்கலாம். நியமனம் செல்லுமா என்பதை ஆராய்வது நீதிமன்றத்தின் வேலை. செலவுக்குப் பணம் கொடுக்க மறுப்பது நாடாளுமன்றத்தால் மட்டுமே முடிந்த காரியம்.

நெருக்கடியில் நினைவுக்கு வரும் இந்த அதிகாரம் சாதாரண நாட்களில் தூங்கிவிடுகிறது. 2020 ஒக்டோபரில் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு, கிலோ சீனிக்கு 50 ரூபாயாக இருந்த விசேட பண்ட வரி 25 சதமானது. 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட வரிச் சட்டம் அதற்கான அதிகாரத்தை நிதியமைச்சருக்குக் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் அங்கீகாரம் பிறகுதான். அரசுக்குப் பல நூறு கோடி ரூபாய் வருமானம் போனது. ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடையில் சீனி வாங்கியவருக்கு அந்தக் குறைப்பின் பலன் உரியபடி வந்து சேரவில்லை. விவாதம் சூடுபிடித்தபோது இழப்பு ஏற்பட்டு முடிந்திருந்தது.

வரி மாற்றத்தை முன்கூட்டியே சபையில் பேசினால் வியாபாரிகள் பதுக்குவார்கள் என்பது நியாயமான வாதம். அதனால் நள்ளிரவு முதல் நடைமுறைக்கு வருவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்குள் சபை அங்கீகரிக்காவிட்டால் அறிவித்தல் தானாகவே காலாவதியாக வேண்டும். அங்கீகாரம் கேட்கும்போதே எவ்வளவு வருமானம் போகும், எந்த வியாபாரியிடம் அந்தப் பண்டம் எவ்வளவு கையிருப்பில் உள்ளது என்ற கணக்கும் பொது நிதி பற்றிய குழுவின் மேசைக்கு வர வேண்டும். ஆளுங்கட்சியின் பெரும்பான்மை எப்படியும் கைதூக்கிவிடும் என்பார்கள். தூக்கட்டும். கணக்கைப் பார்த்த பிறகு யார் கைதூக்கினார்கள் என்பது ஹன்சாட்டில் பதிவாகும். அடுத்த தேர்தலில் அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.