பஸ் போர்டு படிக்கத் திணறும் 6-ம் வகுப்பு!

தஞ்சை, சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைக் காத்து வரும் ஊர். தமிழுக்கென்று 1981-ல் பல்கலைக்கழகம் கண்ட ஊர். இந்த ஊரில் யூனிபார்ம் போட்ட பையன் ஒருவன், போர்டைப் படிக்கத் தெரியாமல், "அண்ணே, இது திருவையாறு போகுமா?" என்று கேட்டு பஸ் ஏறலாமா?

"மக்குப் பசங்க!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள் பெரியவர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கே போச்சு ஒண்ணாம் வகுப்பு?

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. 2020 ஜூனில் ஒண்ணாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை, பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக உட்கார்ந்ததே இரண்டாம் வகுப்பில்தான்! 'அ, ஆ' பழகும் வருஷம் அப்படியே போச்சு. அந்தப் பிள்ளைகள்தான் 2025 ஜூனில் 6-ம் வகுப்புக்கு வந்தவர்கள்.

நாற்றங்காலில் கோட்டை விட்டுவிட்டு, நடவு வயலில் உரத்தைக் கொட்டினால் கதிர் வருமா? டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சின்னச் சின்ன புத்தகங்களோடு 'வாசிப்பு இயக்கம்' 2023-ல் வந்தது. 6 முதல் 9-ம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்காக 2025-ல் 'திறன்' திட்டம் வந்தது. ஆனால் புத்தகம் பீரோவில் தூங்கினால் யாருக்கு லாபம்?

"போர்ஷன் முடிக்கணுமே!" என்பார்கள் ஆசிரியர்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் படிக்கத் தெரியாதவனுக்கு அறிவியல் போர்ஷன் முடிந்து என்ன பயன்? கரும்பலகையைப் பார்த்து எழுதுவது எழுத்தல்ல, படம் வரைவது!

தினம் ஒரு பீரியடு போதும். ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு ஒரு பக்கம் படிக்கட்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்ததை, வீட்டில் கோழி குஞ்சு பொரித்ததை, சொந்தமாக நாலு வரி எழுதட்டும். தப்பு இருந்தால் இருக்கட்டும், பிறகு திருத்தலாம். சோதனைக்கு வரும் அதிகாரிகள் "போர்ஷன் முடிந்ததா?" என்பதை விட்டு, "தம்பி, இதைப் படி" என்று கேட்கட்டும்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. மளிகைச் சீட்டைப் பிள்ளையே எழுதட்டும். சாயங்காலப் பேப்பரை அப்பாவுக்குப் படித்துக் காட்டட்டும்.

மேட்டூர் தண்ணீர் தாமதமானால் கலெக்டர் ஆபீசுக்கு ஓடும் ஊர் இது. எழுத்து தாமதமான பிள்ளைக்காக ஓடப்போவது யார்?