மிதித்தும் எழும்பாத வேகம்



மலைப்பாதையில் வாகனம் ஓட்டுகிறவர் அதிவேகத்துக்கு மட்டுமல்ல, வரவேண்டிய நேரத்தில் வராத வேகத்துக்கும் அஞ்சவேண்டும். போளூர் வழியாகவோ, அமிர்தி வழியாகவோ, ஆலங்காயம் வழியாகவோ ஜவ்வாது மலைக்கு ஏறுகிற எவரும் இதை அறிவார்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பி, கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். எஞ்சின் தயங்குகிறது, இரண்டு மூன்று நொடிகள் கழித்தே வண்டி இழுக்கிறது. சமவெளியில் இந்தத் தயக்கம் வெறும் எரிச்சல். மலையிலோ, எதிரே பேருந்து இறங்கி வர, பின்னால் சாமை மூட்டை ஏற்றிய வண்டி ஒட்டி வர, அந்த இரண்டு நொடிகள் உயிரோடு சம்பந்தப்பட்டவை.

இப்படிப்பட்ட வண்டியைப் பட்டறையில் விடும்போது நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "பிக்கப் இல்லை." அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு ஒருவர் பிளக்கை மாற்றுகிறார், இன்னொருவர் பம்பை மாற்றுகிறார், மூன்றாமவர் டர்போவையே மாற்றச் சொல்கிறார். பணம் கரைகிறது, தயக்கம் தீர்வதில்லை. நோயை அறியாமல் மருந்து கொடுப்பது வைத்தியமல்ல. காரணத்தைக் கண்டறியும் முன் உதிரிபாகத்தை மாற்றும் இந்தப் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதில் பாதிப் பொறுப்பு மெக்கானிக்கினுடையது, மறுபாதி நம்முடையது.

முதலாவது, இயல்பையும் கோளாறையும் பிரித்தறிவோம். வானாய்வகம் அமைந்துள்ள காவலூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். டர்போ உள்ள எஞ்சினோ, புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவின் விசையால் டர்போ சுழன்ற பிறகே முழு வலுவைத் தரும். ஆகையால் குறைந்த சுழற்சியில், பெரிய கியரில் மிதித்தால் சற்றுத் தயங்குவது அதன் சுபாவம். கியரைக் குறைத்தால் அது தீரும். ஆனால் சென்ற ஆண்டு அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, அதே கியரில் தயங்காமல் ஏறிய வண்டி இன்று தயங்குமானால், அது கோளாறே.

இரண்டாவது, சுழற்சி முள்ளைக் கவனிப்போம். மிதித்தவுடன் முள் விருட்டென உயர்ந்தும் வேகம் கூடவில்லையென்றால், கியர் மாற்றி ஓட்டும் வண்டியில் பெரும்பாலும் கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது. எஞ்சின் உழைக்கிறது, அதன் உழைப்பு சக்கரத்தைச் சேரவில்லை. முள்ளே உயராமல் சோர்ந்து நின்றால், எஞ்சினுக்குள் காற்றோ எரிபொருளோ சரியாகச் செல்லவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை. ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுட்டால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றை அறிய ஒரு கருவியும் தேவையில்லை.

மூன்றாவது, எளியதை முதலில் பார்ப்போம். மண் பாதையில் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர் சீக்கிரமே தூசியால் அடைபடும். டீசல் ஃபில்டரில் அழுக்கும் நீரும் சேர்ந்தால், சமதரையில் நன்றாக ஓடும் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். டர்போவிலிருந்து வரும் குழாய் வெடித்தாலோ, அதன் கிளிப் தளர்ந்தாலோ, மிதிக்கும்போது சீறும் ஓசை கேட்கும், கரும்புகையும் வரலாம். பெட்ரோல் வண்டியில் பிளக்கையும், கரி படிந்த திராட்டிலையும் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களின் புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பரவலாயிற்று. குறுந்தொலைவு மெதுவாகவே ஓடும் வண்டியில் அது அடைபடும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால், சேர்ந்த கரி தானாக எரிந்து வழி திறக்கும். அதைக் கழற்றி எறிவதைச் சிலர் தீர்வென்று சொல்லுகிறார்கள். நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் அந்தக் கரியைக் கலப்பது தீர்வாகாது.

நான்காவது, எச்சரிக்கை விளக்கை அணைப்பதைப் பழுதுபார்த்தல் என்று எண்ணாதிருப்போம். இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இல்லை. மிதியை ஒரு சென்சார் அளக்கிறது, கணினி முடிவெடுக்கிறது. கோளாறைக் கண்டால் அது எஞ்சினைக் காக்கத் தானே வலுவைக் குறைக்கும். ஸ்கேனர் காட்டும் குறியீடு தேடவேண்டிய திசையைச் சொல்லும். மாற்றவேண்டிய பாகத்தை அல்ல. டர்போவின் அழுத்தம் குறைவு என்று அது சொன்னால், குற்றவாளி ஒரு ரப்பர் குழாயாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் குறியீட்டை மட்டும் அழிப்பது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

"அன்றாடம் ஓட்டினால்தான் அடுப்பு எரியும், ஸ்கேனருள்ள பட்டறைக்கு மலையிலிருந்து இறங்கினால் ஒரு நாள் வருமானம் போய்விடுமே" என்று ஜமுனாமரத்தூரின் ஓட்டுநர் கேட்பார். அவர் கேட்பது நியாயமே. ஆகவே சுமையை அவர் தலையில் மட்டும் வைப்பது தகாது. வண்டி தயங்குகிறது என்று சொல்லும் ஓட்டுநரின் கூலியை உரிமையாளர் பிடிக்கக் கூடாது. பழுதுபார்க்கும் நாளையும் வேலைநாளாக எண்ண வேண்டும். இடமில்லை என்று ஓட்டுநர் சொன்னபின்னும் தொற்றிக்கொண்டு ஏறுவதைப் பயணிகளாகிய நாமும் நிறுத்த வேண்டும். 2022 ஏப்ரலில், திருப்பத்தூர் மாவட்டத்தின் புலியூரிலிருந்து மலைக்கோயிலுக்குச் சென்ற வேன் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை இம்மலை மறக்கவில்லை. அதற்கு இக்கோளாறே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏற்றத்தில் ஒரு வாகனத்தை நம்பி எத்தனை உயிர்கள் அமர்ந்திருக்கின்றன என்பதையே நினைவூட்டுகிறேன். பிரசவ வேதனையில் இருப்பவளை அழைத்துச் செல்ல நள்ளிரவில் மலையேறி வரவேண்டியதும் இப்படிப்பட்ட ஒரு வண்டிதான்.

ஆகையால் பிரியமானவர்களே, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதிருங்கள். எந்த ஏற்றத்தில், எந்த கியரில், எத்தனை பேரோடு, முள் உயர்ந்ததா, புகை வந்ததா, ஓசை கேட்டதா என்று சொல்லுங்கள். "எதைப் பார்த்து இதை மாற்றச் சொல்லுகிறீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பழுது தீர்ந்ததா என்பதைப் பட்டறை வாசலில் முடிவு செய்யாமல், அதே ஏற்றத்தில் ஆளில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதன்பின் ஜனங்களை ஏற்றுவோமாக.