டேசர் சுட்ட பிறகு என்ன செய்யணும்? 5 விநாடியோடு முடியாத பொறுப்பு

'டேசர்' சுட்டால் உயிர் போகாது என்பது பலரின் நினைப்பு. 2 ஊசிமுனைகள் உடலில் குத்தி, 5 விநாடி மின்சாரம் பாயும். தசைகள் இறுகி ஆள் அப்படியே சாய்வார், கையூன்றக்கூட முடியாது. ஆபத்தே அங்கேதான்.

2023 மே மாதம், ஆஸ்திரேலியாவின் கூமா நகர் முதியோர் இல்லத்தில், கத்தியும் வாக்கருமாக நின்ற 95 வயது மூதாட்டி மீது போலீஸ்காரர் டேசரைப் பாய்ச்சினார். விழுந்து தலையில் அடிபட்டவர் ஒரு வாரத்தில் இறந்தார். 2024-ல் அந்த போலீஸ்காரர் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது.

எனவே, முதலில் தலையில் அடிபட்டதா எனப் பார்க்கணும். கண், முகம், கழுத்தில் குத்திய ஊசியை டாக்டர்தான் எடுக்கணும். கர்ப்பிணி, இதய நோயாளி, போதையில் இருப்பவர் என்றால் நேராக மருத்துவமனைதான். குப்புறப் படுக்கவைத்து அழுத்தினால் மூச்சு திணறும்.

'எழுந்து நின்னுட்டாரே' என்பது மருத்துவச் சான்றிதழ் இல்லை. ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லும்வரை அவர் உயிருக்கு போலீஸே பொறுப்பு.