நலம் விசாரிக்க வரும் கல்லூரி நண்பர்களுக்கு

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்பு நிற்கையில், "இன்னாருக்கு பைபாஸ் நடந்திருக்கிறது, துஆச் செய்யுங்கள்" என்ற செய்தி காதில் விழாத மாதம் நமக்கு இன்று அரிதாகிவிட்டது. சேலம் கோட்டை முதல் நாமக்கல், பரமத்திவேலூர் வரை பரந்திருக்கும் நம் சமவெளியில், ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் சட்டைக்குள் நீண்ட தழும்போடு நடமாடுகின்றனர். இவ்வரிகளை எழுதும் நாமும் அந்த வரிசையில் சேர்ந்து, வீட்டில் ஓய்வில் இருப்பவர்களே. அல்லாஹ்வின் பேரருளால் உயிர் மீண்டது, அல்ஹம்துலில்லாஹ். இந்த ஓய்வு நாள்களில் பழைய கல்லூரி நண்பர்கள் நலம் விசாரிக்க வருகின்றனர். அவர்களோடு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இளமையும் வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. அந்த நினைவுகளை நாம் எவ்வாறு கையாள வேண்டும் என்பதைப் பற்றியே இங்கு சொல்ல விழைகிறோம்.

முதலில் இந்த ஓய்வு எத்தகையது என்பதை நண்பர்கள் அறிந்திருத்தல் நலம். காலிலிருந்து எடுத்த இரத்தக்குழாயைக் கொண்டு இதயத்திற்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் ரெனே ஃபவலோரோ செய்துகாட்டினார். நம் நாட்டில் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் அதனை முதன்முதலாகச் செய்தார். அன்று அபூர்வமாக இருந்த சிகிச்சை, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாக ஏழைகளுக்கும் எட்டியிருக்கிறது. ஆயினும் அறுவை எளிதாகிவிட்டது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மார்பெலும்பை நடுவே பிளந்து, பணி முடிந்ததும் எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டுகின்றனர். அந்த எலும்பு நன்கு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது. இருமலோ சிரிப்போ வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். இரவில் உறக்கம் கலைகிறது. காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. மனச்சோர்வு இந்த அறுவைக்குப் பின் பலருக்கும் வருவதுதான் என்று மருத்துவர்கள் சொன்னாலும், ஆண்பிள்ளைகள் அதை வெளியே சொல்வதில்லை.

உறக்கமற்ற அந்த இரவுகளில் மனம் தேடிச் செல்லும் இடம் கல்லூரிக் காலமாகவே இருக்கிறது. 1857இல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரியில் படித்தோர் நம்மில் உண்டு. திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை புதுக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனோரும் உண்டு. தேர்வு முடிவு வந்தால் பார்ட்டி, யாருக்கேனும் வேலை கிடைத்தால் பார்ட்டி, ஒன்றும் நடக்காவிட்டால் அதற்கும் ஒரு பார்ட்டி. ராஜ்தூத்திலும் எஸ்டியிலும் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிச் சென்று மலையுச்சியில் பாடிய மாலைகளும், இரண்டாம் ஆட்டம் முடிந்து பேருந்து நிலையத்தருகே பரோட்டாவும் சால்னாவும் உண்ட நள்ளிரவுகளும், கையில் காசில்லாத நாளில் ஒரு தட்டுவடை செட்டை நால்வர் பகிர்ந்துண்ட அந்திகளும் நம் தலைமுறைக்குப் பொதுவான சொத்து. அக்கூட்டங்களில் புகையும் இருந்தது. சிலரிடம் மதுவும் இருந்தது. அந்நாள்களை முழுவதும் ஒளிமயமாகக் காட்டுவதும், முழுவதும் இருளாகத் தீட்டுவதும் உண்மைக்குப் புறம்பானவையே.

நோயைத் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள்

நலம் விசாரிக்க வருவோரில் ஒரு சாரார் உறவினர்கள். "அன்று ஆடிய ஆட்டத்துக்கு இன்று கூலி" என்று பெருமூச்சு விடுவார்கள். அன்பினால் சொன்னாலும் அது கொடிய சொல். 52 நாடுகளில் நடத்தப்பட்ட இண்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான முக்கியக் காரணிகளாக ஒன்பதை எடுத்துரைத்தது. புகை அவற்றுள் ஒன்று. கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், உடலுழைப்பின்மை ஆகியனவும் அப்பட்டியலில் உண்டு. தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதையும் அது காட்டியது. ஒரு பார்ட்டிக்கும் போகாமல், ஒரு சிகரெட்டையும் தொடாமல், லாரி அலுவலகத்திலும் தறிக்கூடத்திலும் கோழிப்பண்ணைக் கணக்கிலும் நாள் முழுதும் அமர்ந்தே உழைத்தவர்களும் அதே அறுவை மேசையில் படுத்திருக்கிறார்கள்.

மார்க்கமும் இவ்வாறு தீர்ப்பளிக்கச் சொல்லவில்லை. அய்யூப் நபி (அலை) அவர்களின் நெடிய நோயைத் தண்டனை என்று எந்த முஸ்லிமும் சொல்வதில்லை. பொறுமையின் சிகரம் என்றே சொல்கிறோம். நோய் பாவங்களுக்குப் பரிகாரமாக அமையும் என்பதே நபிமொழிகள் நமக்கு ஊட்டிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் படுக்கையருகே கொண்டுவர வேண்டியவர்கள், குற்றப்பத்திரிகையைக் கொண்டுவருவது முறையன்று.

மறைக்கப்பட்டதைத் திறக்காதீர்கள்

மற்றொரு சாரார்தான் நம் ஆருயிர் நண்பர்கள். இவர்கள் வந்தால் வீடே கலகலக்கிறது. நோயாளியின் முகத்தில் பல நாள்களுக்குப் பின் சிரிப்பு வருகிறது. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேச்சு சூடேறியதும், மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்க, "உங்க அத்தா அந்தக் காலத்துல என்னவெல்லாம் செஞ்சாரு தெரியுமா?" என்று தொடங்குகிறார்கள். மலையேறிய கதையும் பரோட்டாக் கதையும் நல்லதே. அவற்றைக் கடந்து, எவர் எங்கே குடித்தார், எவரை எப்படி ஏமாற்றினார் என்று போகும்போதுதான் நாம் கையுயர்த்த வேண்டியிருக்கிறது. அல்லாஹ் மறைத்துவைத்த பாவத்தைத் தானே ஊருக்கு வெளிப்படுத்துபவனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள். தன் பாவத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், தவ்பாச் செய்து திருந்திய நண்பனின் பாவத்தை அவன் பிள்ளைகள் முன்னிலையில் விரிக்க நமக்கு ஏது உரிமை? கல்லூரியில் படிக்கும் மகன் அக்கதையைக் கேட்டு, "அத்தாவே செய்ததுதானே" என்று எண்ணத் தொடங்கினால், அதன் சுமையில் நமக்கும் பங்குண்டு.

அதுபோல், "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது" என்று பிரியாணிப் பொட்டலத்தையோ பள்ளிபாளையம் சிக்கனையோ கொண்டுவந்து நீட்டுவதும், வாசலுக்கு அழைத்துச் சென்று ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பதும் நட்பாகாது. பொருத்தப்பட்ட புதிய குழாய்களும் அடைபடக் கூடியவையே. புகை அதை விரைவுபடுத்துகிறது. புகையை நிறுத்திய ஓராண்டுக்குள் இதய நோய்க்கான கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நண்பனுக்காக நாமும் நிறுத்தினால் அது இருவருக்கும் ஆதாயம்.

நட்பு செய்யக்கூடியவை

வரும்போது ஸலாம் சொல்லி முஸாஃபஹாச் செய்தால் போதும். பெருநாள் நினைவில் முஆனகா செய்து மார்போடு இறுக்க வேண்டாம். எலும்பு இன்னும் கூடவில்லை. அரைமணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் வாருங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள், மூன்றாம் வாரம் ஒருவருமில்லை என்பதே நம் ஊர்களின் வழக்கம். மனம் மிகவும் சோர்வது அந்த மூன்றாம் வாரத்தில்தான்.

மருத்துவர் அனுமதித்ததும் நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தெருமுனை வரை தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அன்று ஏற்காட்டுக்குச் சேர்ந்து போனவர்கள் இன்று அந்தப் பாதையில் சேர்ந்து நடக்கலாமே.

நாற்காலியில் அமர்ந்து தொழ வெட்கப்பட்டுப் பள்ளிக்கு வராமலேயே இருந்துவிடுவோர் உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகை இவர்களுக்காகவே தரப்பட்டது. கையூன்றி ஸஜ்தாவிலிருந்து எழுவது ஆறாத எலும்புக்கு ஆபத்து. அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போடும் கை பழைய நண்பனுடையதாக இருந்தால் வெட்கம் பாதியாகக் குறையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அந்தக் கல்லூரிக் கூட்டத்தில் இன்று நம்மோடு இல்லாத முகங்களை எண்ணிப் பாருங்கள். நெஞ்சு வலித்தபோது வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டு, ஓமத் திரவத்தை விழுங்கிவிட்டுப் படுத்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் வழங்கும் 'இதயம் காப்போம்' திட்டமும் 2023இலிருந்து இருக்கிறது. நள்ளிரவு பரோட்டாவுக்குத் தட்டி எழுப்பிய உரிமை நமக்கு உண்டல்லவா? அதே உரிமையோடு, "வலிக்கிறது என்றாயே, எழுந்து வா, மருத்துவமனைக்குப் போகலாம்" என்று தட்டி எழுப்பும் நண்பராக இருப்போம்.

ஐந்து வருமுன் ஐந்தைப் பேணச் சொன்ன நபிமொழியில் இளமையும் உடல்நலமும் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம். போன இளமை திரும்பப் போவதில்லை. அந்த இளமை ஈட்டித் தந்த தோழமை மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது. அதைக்கொண்டு ஒருவரையொருவர் உயிரோடும் ஈமானோடும் காத்துக்கொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும், நம்மை முந்திச் சென்ற நண்பர்களுக்கு மன்னிப்பையும் வழங்குவானாக. ஆமீன்.