நிமிடத்துக்குப் பத்து லட்சம் குண்டு: யார் எண்ணியது?

சில எண்களுக்குச் சாவே கிடையாது. ‘நிமிடத்துக்குப் பத்து லட்சம் குண்டு சுடும் துப்பாக்கி’ அப்படி ஒன்று. 1990களில் ஆஸ்திரேலியாவில் கிளம்பிய முழக்கம் இது. கிளப்பிய நிறுவனம் 2012-இல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. முழக்கம் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது. முன்பு பொது அறிவுத் துணுக்காக வந்தது, பிறகு ஆயுத ஆவணப்படங்களில் வந்தது, இப்போது யூடியூபில் இடி இசையோடு வருகிறது. எந்திரத் துப்பாக்கியின் காலம் முடிந்துவிட்டதாம், இனி மின்சாரமே சுடுமாம், அந்தக் குண்டுச் சுவரைத் தாண்டி ஈ கூட வர முடியாதாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் ஒருமுறையாவது காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முழக்கத்துக்குப் பின்னால் இருந்தது மெட்டல் ஸ்டார்ம் என்ற பிரிஸ்பேன் நிறுவனம். கண்டுபிடித்தவர் மைக் ஓ’ட்வயர், ஒருகாலத்தில் மளிகைக் கடை நடத்தியவர். ஒரே குழலுக்குள் குண்டு, வெடிமருந்து, குண்டு, வெடிமருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடுவது அவருடைய முறை. பித்தளைக் கூடு கிடையாது. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் கிடையாது. அடிக்கும் ஊசியும் கிடையாது. மின் துடிப்பு முன்வரிசை மருந்தை முதலில் பற்றவைக்கும், பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. யோசனையில் சாமர்த்தியம் உண்டு. பாராட்டு இத்துடன் போதும்.

முதலில் அந்தப் பத்து லட்சம்.

36 குழல்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரித் துப்பாக்கி ஒன்று 180 குண்டுகளை 0.01 விநாடியில் சுட்டது. 180-ஐ 0.01-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 10,80,000 வரும். பிறப்பு ரகசியம் இவ்வளவுதான். ‘நிமிடத்துக்கு’ என்று சொல்லப்படும் அந்த நிமிடத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. உசேன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார், ஆகவே அவர் ஒரு நாளைக்கு 900 கிலோமீட்டர் ஓடுவார் என்று யாராவது எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள். துப்பாக்கி விஷயத்தில் அதே கணக்கைச் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.

அந்த நிமிடத்தை நிஜமாகவே நடத்திப் பார்க்க என்ன வேண்டும்? குழலுக்கு ஐந்து வீதம் அடுக்கிய குண்டுகள் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும். மிச்சம் 59.99 விநாடிக்கு அது வெறும் குழாய்க் கட்டு. நிமிடம் முழுக்கச் சுட வேண்டுமானால் அதேபோல நிரப்பி வைத்த 6,000 துப்பாக்கிகள் வரிசையில் நிற்க வேண்டும். மாதிரி சுட்டது 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டு, ஒன்று ஏறக்குறைய 8 கிராம். ஒரு நிமிடத்துக்கான குண்டுகள் மட்டும் எட்டரை டன்னுக்கு மேல் போகும். மருந்தும் குழலும் தனிக் கணக்கு.

குழல் தனிக் கணக்கு என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. சாதாரண எந்திரத் துப்பாக்கிக்காரர் தோட்டாப் பட்டையைச் சுமந்து போகிறார், குழல் ஒன்றுதான். இந்த முறையில் குழலே தோட்டாப் பெட்டி. தீர்ந்தால் குழலையே கழற்றி, அடுக்கி முடித்த வேறு குழலைப் பொருத்த வேண்டும். ஐந்து குண்டுக்கு ஓர் எஃகுக் குழாய் என்று சுமக்கும் சிப்பாயின் முதுகு, விளம்பரப் படத்தில் வருவதில்லை.

உதைப்பும் வருவதில்லை. 9 மி.மீ. குண்டுக்கு வழக்கமான வேகத்தை, அதாவது விநாடிக்கு 350 மீட்டர் அளவை எடுத்துக்கொண்டால், 180 குண்டுகள் 0.01 விநாடியில் வெளியேறும்போது சராசரி உதைப்பு சுமார் 5 டன் விசை. இத்தனைக்கும் அவை கைத்துப்பாக்கிக் குண்டுகள். இந்திய விமானப் படை 2019 வரை வைத்திருந்த மிக்-27 விமானத்தின் 30 மி.மீ. ஆறு குழல் பீரங்கி நிமிடத்துக்குச் சுமார் 5,000 வேகத்தில்தான் சுடும். அந்த அதிர்வுக்கே விமானத்தின் தரையிறங்கு விளக்குகள் உடைந்ததுண்டு.

நடைமுறையில் இருக்கும் பீரங்கிகளுக்கே வேகம் மிச்சம், குண்டுதான் பற்றாக்குறை. எஃப்-16 போர் விமானத்தின் வல்கன் பீரங்கி நிமிடத்துக்கு 6,000 சுடும். விமானம் சுமப்பது 511 குண்டு. விசையை அழுத்திப் பிடித்தால் ஐந்து விநாடியில் கதை முடிந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல்களின் தற்காப்புப் பீரங்கியான ஃபேலன்க்ஸ், 4,500 வேகத்தில் தன் 1,550 குண்டுகளையும் இருபது விநாடியில் தின்றுவிடும். இந்த நிலையில் வேகத்தை இருநூறு மடங்கு கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். கேட்டது யார்?

இரண்டாவது வாதம், அசையும் பாகமே இல்லாததால் பழுதாகவே ஆகாது என்பது. அசையாத பாகத்தின் தொல்லை வேறு வகை. முன்வரிசைக் குண்டு குழலுக்குள் ஓடும் தூரம் குறைவு, கடைசிக் குண்டுக்கு அதிகம். மருந்தின் அளவை அதற்கேற்ப மாற்றாவிட்டால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். முன்னால் வெடிக்கும் வாயு பின்னால் கசிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, இது முன்பின் கண்டிராத புதுமை என்ற பெருமை. ஒரே குழலில் பல குண்டுகளை அடுக்கிச் சுடும் துப்பாக்கியோடு 1777-இல் ஜோசப் பெல்டன் என்பவர் அமெரிக்கக் காங்கிரஸை அணுகினார். எட்டு முறை சுடக்கூடிய நூறு துப்பாக்கிகளுக்கு உத்தரவும் கிடைத்தது. அவர் கேட்ட விலையைப் பார்த்து உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். மின்சாரத்தால் பற்றவைப்பதும் பழைய சங்கதி. இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மன் விமானங்களின் எம்.ஜி. 131 துப்பாக்கி அப்படித்தான் சுட்டது. மேலே சொன்ன வல்கனின் தோட்டாவிலும் மருந்தைப் பற்றவைப்பது மின் ப்ரைமர்தான், 1950களிலிருந்து.

மின்சாரத்துக்கு விலையும் உண்டு. ரேடார், ரேடியோ அலைகள் மின் ப்ரைமரைத் தற்செயலாகப் பற்றவைத்துவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்கக் கடற்படை தனி விதிமுறையே வைத்திருக்கிறது. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில், மின் இணைப்பை மாற்றும் கணத்தில் எழுந்த மின்னோட்டத்தால் ஒரு ஜூனி ராக்கெட் தானாகப் புறப்பட்டது. தீயில் 134 பேர் இறந்தார்கள். அது துப்பாக்கி இல்லை என்று வாதாடலாம். பற்றவைத்தது மின்சாரம் என்பதை மறுக்க முடியாது.

நான்காவது, ஏவுகணையைத் தடுக்கும் ‘குண்டுச் சுவர்’. கப்பல்கள் அடிவாங்கிய கதைகளைப் பார்த்தால் வேகக் குறைவு என்ற காரணம் தென்படவே இல்லை. 1987 மே 17 அன்று அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பலை இரண்டு எக்சோசே ஏவுகணைகள் தாக்கி 37 மாலுமிகள் இறந்தபோது, அதன் ஃபேலன்க்ஸ் தானாகச் சுடும் நிலையிலேயே வைக்கப்படவில்லை. 1991 வளைகுடாப் போரில் ஜாரெட் கப்பலின் ஃபேலன்க்ஸ், தன் தரப்பு மிசௌரி கப்பல் எதிரியைக் குழப்பத் தூவிய உலோகத் துணுக்குகளை இலக்கென்று நம்பி மிசௌரியையே சுட்டது. 1996-இல் ஜப்பானின் யூகிரி கப்பல், பயிற்சி இலக்கை இழுத்துச் சென்ற அமெரிக்க விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. நல்ல வேளை, விமானத்தில் இருந்த இருவரும் குதித்துப் பிழைத்தார்கள். இந்தக் கப்பல்களில் பத்து லட்சம் வேகம் இருந்திருந்தால் தவறான இலக்கில் இன்னும் கொஞ்சம் ஈயம் கூடுதலாக ஏறியிருக்கும். 2024 ஜனவரியில் செங்கடலில் கிரேவ்லி கப்பல் ஃபேலன்க்ஸால் ஓர் ஏவுகணையை வீழ்த்தியதே என்பார்கள். வீழ்த்தியது. பழைய 4,500 வேகம் போதுமாக இருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் உண்மையில் உதவியது வேறோர் இடத்தில். சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் உருவாக்கிய 35 மி.மீ. ‘அஹெட்’ குண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் 152 டங்ஸ்டன் மணிகள். குழல் வாயிலில் உள்ள சுருள்கள் குண்டின் வேகத்தை அளந்து, எப்போது வெடிக்க வேண்டும் என்பதை அந்தக் கணமே அதற்குச் சொல்லிவிடும். சுடும் வேகம் நிமிடத்துக்கு ஆயிரம்தான்.

ஐந்தாவது வாதம்தான் யூடியூபர்களுக்குச் செல்லப்பிள்ளை: வல்லரசுகள் இதை அமுக்கிவிட்டன. ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையிலும் நாஸ்டாக்கிலும் பங்கு விற்ற, அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான தார்ப்பா பணம் கொடுத்த, ஓய்வுபெற்ற அமெரிக்க அட்மிரல் தலைமையில் நடந்த நிறுவனத்தை யார், எதற்கு அமுக்க வேண்டும்? 2010-இல் அது பெற்ற பெருமைக்குரிய உத்தரவு, பப்புவா நியூ கினி சிறைத்துறைக்கு 500 ஷாட்கன்கள். உலகை நடுங்க வைக்க வந்த ஆயுதம் கடைசியில் சிறைக் காவலர் கைக்கான சரக்காகச் சுருங்கியது. இரண்டே ஆண்டில் கம்பெனியும் போனது.

இப்போது டிரோன் காலம் வந்துவிட்டதால் அந்தத் துப்பாக்கி மறுபடியும் தேவை என்று ஒரு புதுக் குரல். உக்ரைனுக்கு 2022 முதல் ஜெர்மனி அனுப்பிய கெப்பார்ட் 1970களின் வண்டி. இரண்டு 35 மி.மீ. பீரங்கிகள், குழலுக்கு நிமிடத்துக்கு 550 குண்டு. ஷாஹெத் டிரோன்களை அது வீழ்த்திக் காட்டியது. அதற்குத் தடையாக வந்தது குண்டுத் தட்டுப்பாடு. சுவிட்சர்லாந்தில் செய்த குண்டுகளை உக்ரைனுக்குக் கைமாற்ற அந்நாட்டு அரசு அனுமதி மறுத்தது. ரைன்மெட்டல் நிறுவனம் ஜெர்மனியிலேயே புதிய உற்பத்தி வரிசை போட்டு 3,00,000 குண்டுகளுக்கு 2023-இல் ஒப்பந்தம் செய்தது. மெட்டல் ஸ்டார்ம் வேகத்தில் அந்த மூன்று லட்சமும் 17 விநாடிக்குக்கூடக் காணாது. முதல் தவணை வந்து சேரவே செப்டம்பர் ஆகிவிட்டது.