விழப் பழகுதல்

கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, மழைக்குக் குடையை விரித்தபடி ராஷ்பிஹாரி அவென்யூவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு மாமி, கல்லூரிக்குப் போகும் தம் பெண்ணைக் கராத்தேயில் சேர்ப்பதா, ஜூடோவில் சேர்ப்பதா, அல்லது நம் சொந்த வித்தையான சிலம்பத்தையே கற்பிப்பதா என்று என்னைக் கேட்டார். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவருக்கு நிகழ்ந்த கொடுமைக்குப் பின் இந்நகரத்தில் பெண்ணைப் பெற்றவர் எவருக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று.

ஆனால் கேள்வி புதிதன்று. பக்கத்துப் பாலிகஞ்சில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சரளா தேவி சௌதுராணி தம் இல்லத்தில் முர்தஸா என்ற ஆசிரியரை அமர்த்தி இளைஞர்களுக்கு வாளும் கோலும் பயிற்றுவித்தார். அவருடைய தாய்மாமனாகிய ரவீந்திரநாத் தாகூரோ, 1929-இல் ஷின்ஸோ தகாகாகி என்ற ஜப்பானிய ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து, மாணவர்களோடு மாணவிகளும் ஜூடோ கற்கும்படி செய்தார். கவிஞர் தேர்ந்தெடுத்தது எவ்வளவு தீர்க்கதரிசனமானது என்பதை எண்ணி நான் வியப்பதுண்டு.

ஏனெனில், 1882-இல் டோக்கியோவில் கானோ ஜிகோரோ ஜூடோவை வகுத்தபோது, பழைய ஜுஜுத்ஸுவிலிருந்த அபாயகரமான அடிகளையும் முறிப்புகளையும் எதிராளியோடு தடையின்றி மோதிப் பழகும் பயிற்சியிலிருந்து விலக்கினார், விலக்கியதனால் வித்தை பலவீனப்பட்டிருக்க வேண்டுமென்று நாம் நினைப்போம், நடந்ததோ நேர்மாறு. கண்ணைக் குத்தும் வித்தையை நண்பனிடம் முழு வேகத்தில் பழக முடியாது, காற்றில்தான் பழகலாம். இழுத்துத் தள்ளும் வித்தையை, விட்டுக்கொடுக்க மனமில்லாத எதிராளியிடம் தினந்தோறும் நூறு தடவை சோதித்துப் பார்க்கலாம். முரட்டுக்கை ஒன்று மணிக்கட்டைப் பற்றும் அந்த க்ஷணத்தில் உடம்புக்கு நினைவு வருவது, இத்தகைய எதிர்ப்பின் நடுவே பழகியது மாத்திரமே.

ஆகவே வித்தையின் பெயரைவிடப் பழகும் விதத்தையே நான் கேட்பேன். வரிசையாக நின்று காற்றைக் குத்திவிட்டு, பரீட்சைக் கட்டணத்தோடு பெல்ட்டின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரோடொருவர் உண்மையாகவே மோதிப் பழகும் கராத்தே வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். சிலம்பத்திலும் அலங்காரமாகச் சுற்றிக்காட்டுவது வேறு, தொடுமுறையில் எதிராளியின் கம்புக்கு முன் நிற்பது வேறு. பின்னது தரும் காலடியும் தூரத்தை மதிக்கும் கண்ணும் அருமையானவை. நடைபாதைக் கடைகளுக்கிடையே கம்புக்கு எங்கே போவது என்பீர்களேயானால், கல்கத்தாவின் மழைக்காலத்தில் குடையில்லாத கை ஏது?

சட்டமும் இவ்விஷயத்தில் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது: முந்தைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையும், தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு விளைவிக்க அனுமதிப்பதில்லை. ஆகவே, பிடியை விடுவித்துக்கொண்டு ஓட ஒரு நிமிஷம் சம்பாதித்துத் தரும் வித்தையே போதும். ஓடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

முதலில் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும்படியும், எல்லாம் சமமாயிருந்தால் ஜூடோவுக்கே அனுப்பும்படியும், ஆனால் ஆரம்பத்தில் அடிபடாமல் விழுவதற்குத்தான் அதிகம் கற்றுக்கொடுப்பார்கள் என்றும் மாமியிடம் சொன்னேன்.

"காசு கொடுத்து விழவா?" என்று சிரித்தார்.

மழை நாளில் மார்க்கெட் படிக்கட்டின் வழவழப்பை அறிந்தவராதலால், நான் மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை.